நான்கு விரல் உயரம்

பம்புசெட் மெக்கானிக்கிடம் படகு இன்ஜினைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. உத்திரமேரூர் பக்கம் எந்தக் கிணற்று மோட்டார் மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்த நம்பிக்கையில், ஏரியில் மீன் குத்தகை எடுத்திருக்கும் சேட்டு அண்ணன் தன் ஃபைபர் படகைக் காட்டி, "வேகம் பத்தலடா ஜீவா, இன்னான்னு பாரு" என்றார். கிணற்றில் குழாயின் அடிமுனையான ஃபுட்வால்வு ஆழத்தில் கிடந்தால்தான் காற்று இழுக்காது. அதே புத்தியில், பின்பலகையில் தொங்கிய இன்ஜினை நன்றாகக் கீழே இறக்கி முடுக்கினேன். இருந்த வேகமும் போயிற்று. அவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். மழை விட்டதும் பார்க்கலாம் என்று நழுவிவிட்டேன்.

மழை விடவில்லை. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு வளர்மதி போன் செய்தாள். என் மனைவி. இன்னும் நாலு பேரோடு நடவுக்குப் போயிருந்தாள்.

"யோவ், வாய்க்கா ஒடைஞ்சிக்கிச்சு. மோட்டார் ரூம் மேல ஏறி நின்னுகினு கீறோம். தண்ணி ஜன்னலாண்ட வந்துடுச்சு. சீக்கிரம் வா."

அதற்குப் பிறகு அவள் போன் அடிக்கவே இல்லை.

ஏரிக்கரையில் நின்று பார்த்தால் ஐந்து பேரும் தெரிந்தார்கள். அரை கிலோமீட்டர்கூட இருக்காது. அதில் யார் வளர்மதி என்றுதான் தெரியவில்லை. நீந்திப் போகலாம் என்றால், மேட்டு வயல்களில் முழங்கால் தண்ணீர், அதைத் தாண்டினால் ஆளை மூழ்கடிக்கும் பள்ளம், அதில் கண்மண் தெரியாத இழுப்பு. ஊர் ஆண்கள் படகைக் கரை தாண்டி இழுத்து வயல் பக்கம் இறக்கிவிட்டு, மணல் மூட்டைகளோடு ஏரிக்கரை கசியும் இடத்துக்கு ஓடினார்கள். கரை போனால் ஊரே போய்விடும், அவர்களைக் குறை சொல்ல முடியாது. சேட்டு மட்டும் படகில் ஏறி முன்னால் உட்கார்ந்துகொண்டார். ஆள் நூறு கிலோவுக்குக் குறையமாட்டார்.

"நீ வேணாம்ணா, எடத்த அடைக்காத."

"என் போட்ட உன்ன நம்பி வுடுவனா? எடு வண்டிய."

ஐம்பது கஜம் போவதற்குள் டமார் என்றது. இன்ஜின் உறுமுகிறது, புரொப்பெல்லர் சுற்றவில்லை. தண்ணீருக்குள் மறைந்திருந்த வரப்பில் இடித்து, புரொப்பெல்லரை அச்சோடு பிணைக்கும் ‘பின்’ என்ற சின்னக் கம்பி ஒடிந்துவிட்டது. நான் இறக்கி வைத்த இன்ஜின்தான் காரணம். வேறு யாரைச் சொல்ல?

குதித்து இறங்கினேன். அவசரத்தில் ஸ்பேனர் இரண்டு முறை சேற்றில் விழுந்தது. இன்ஜினைத் தூக்கி, அடியில் ஒரு பலகைத் துண்டைக் கொடுத்து, நான்கு விரல் உயர்த்தி முடுக்கினேன். சேட்டு வேகத்துக்கென்று வாங்கி மாட்டிய புரொப்பெல்லரைக் கழற்றினேன். இறக்கையில் முறுக்கு அதிகமான அது, ஆள் ஏறினால் திணறும். படகிலேயே கிடந்த, முறுக்கு குறைந்த பழையதை மாட்டினேன். இருந்த ஒரே மாற்றுப் பின்னையும் போட்டாயிற்று. இது ஒடிந்தால் அவ்வளவுதான்.

கயிற்றை இழுத்தேன். இன்ஜின் கத்தியது, படகு நின்ற இடத்திலேயே நின்றது. இப்போது உயரம் அதிகமாகி, புரொப்பெல்லர் காற்றை இழுத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் முன்னால் தொப்பென்று உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தேன்.

"அண்ணே, பின்னாடி வந்து குந்து."

அவர் வந்து உட்கார்ந்ததும் பின்பக்கம் அமிழ்ந்தது, புரொப்பெல்லர் தண்ணீரைப் பிடித்தது. வரப்புகளைத் தாண்டிப் பள்ளத்துக்குப் போனோம். இழுப்பில் படகு பக்கவாட்டில் ஒதுங்கும்போதெல்லாம் சேட்டு கண்ணை மூடிக்கொண்டார்.

மோட்டார் ரூமின் மேல்தளத்துக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் நின்றது. அம்சாவும் சொக்கம்மாளும் மற்ற இரண்டு பேரும் ஏறினார்கள். வளர்மதி கடைசியாக ஏறி என் தோளைப் பிடித்தாள். எல்லோரும் ஏறியதும் பின்னால் குனிந்து பார்த்தேன். நான் உயர்த்திய நான்கு விரலும் தண்ணீருக்குள் போயிருந்தது. ஏழு பேரோடு திரும்பினால் முதல் வரப்பிலேயே பின் ஒடியும். ஒருவர் அதிகம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொக்கம்மாளை அடுத்த நடையில் கூட்டிப்போனால் என்ன என்றுதான் முதலில் நினைத்தேன். வளர்மதியை அங்கே விட்டுவர எனக்கு மனம் வரவில்லை.

"இன்னாடா முழிக்கிற? பாரம் ஜாஸ்தியா?" என்றார் சேட்டு.

அவர் என் முகத்தைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் ஊன்றித் தளத்தின் மேல் ஏறி உட்கார்ந்தார்.

"எனக்கு நீச்சல் தெரியாதுடா. சீக்கிரம் வந்துடு."

மீன் குத்தகைக்காரருக்கு நீச்சல் தெரியாது என்பது அன்றுவரை ஊரில் யாருக்கும் தெரியாது.

திரும்பும்போது ஒவ்வொரு வரப்பும் படகின் அடியை உரசியது, புரொப்பெல்லர் மட்டும் தப்பியது. காற்று இழுப்பதையும் சேட்டு பின்னால் உட்கார்ந்த கதையையும் வளர்மதியிடம் உளறிக்கொண்டே ஓட்டினேன், பயத்தில் வாய் நிற்கவில்லை. கரை வந்ததும் நாலு பேரும் இறங்கி, குளிரில் நடுங்கியபடி மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். வளர்மதி இறங்கவில்லை.

"எறங்குடி."

"எறங்கிட்டா பின்னாடி வெயிட்டுக்கு யாரு? வெறும் போட்டு காத்த இஸ்துகினு நிக்கும்னு நீதான சொன்ன?"

"வேற ஆள இட்டாறேன்."

"எங்க கீறான் ஆளு? அதுக்குள்ள தண்ணி மேல ஏறிடும்யா."

தூரத்தில் சேட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் தளத்தைத் தொட்டுவிட்டதால்தான் நிற்கிறார் என்று புரிந்தது.

"வளரு, எனக்குப் பயமா கீது. உன்ன மறுபடி அங்க இட்டுனு போக முடியாது."

"எனக்கும் பயமாத்தான் கீது. அந்த ஆளு நிக்கிறது என் எடத்துல. கயித்த இழு."

இழுத்தேன்.