அக்டோபர் பதினான்கு ஏலம் போனது

எங்கள் பம்பு கம்பெனி திவாலானதைக் குத்துவிளக்கேற்றித் தொடங்கி வைத்தார்கள். கம்பெனியைக் கலைத்துக் கணக்கை முடிக்க வந்த கலைப்பதிகாரிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். "நம் குடும்பத்துக்கே இது பெருமை" என்றார் முதலாளி. கைதட்டினோம். கேசரி நன்றாக இருந்தது.

எனக்கு நாற்பத்தோரு நாள் விடுப்பு சேர்ந்திருந்தது. இருபது வருடமாகக் காய்ச்சலோடும் வேலைக்கு வந்து சேர்த்தது. அக்டோபர் ஒன்றிலிருந்து வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். பதினான்காம் தேதி என் மனைவி மரகதத்துக்கு இதயத்தில் ஆபரேஷன். பக்கத்திலேயே இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

விடுப்புகளைக் கேன்டீனில், அரிசி டிரம்முக்குள் வைத்திருந்தார்கள். நான் ஓர் அடி வைத்தால் கேன்டீன் இரண்டடி தள்ளிப் போனது. ஓடினேன். மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

கலைப்பதிகாரி பொன்னாடையைக் கழற்றவில்லை.

"பேரு?"

"தண்டபாணிங்க. ஃபிட்டர்."

டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். "உங்க நாளையெல்லாம் பேங்க்காரங்க எடுத்து ஏலம் விட்டுட்டாங்களே. அவங்கதான் முதல்ல. அப்புறம் கரண்டு ஆபீஸ். அப்புறம் முதலாளியோட மச்சான். நீங்க கடைசி."

"அது என்னோட லீவுங்க."

"எடுத்திருந்தா உங்களுது. சேத்து வெச்சீங்கல்ல? அப்ப கம்பெனி சொத்து."

"பதினாலாந்தேதி மட்டும் குடுங்க சார். கால்ல வேணாலும் விழறனுங்க."

"விழுங்க."

விழுந்தேன். விழுந்த நேரத்தைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டார். பிறகு என் காலண்டரைக் காட்டினார். செப்டம்பர் முப்பதுக்கு அடுத்து நவம்பர் பதினொன்று இருந்தது.

"அப்ப ஆபரேஷன் இல்லீங்களா?"

"ஆபரேஷன் இருக்கு. நீங்கதான் இல்ல."

பதினான்கை ஏலத்தில் எடுத்தவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். அந்த நாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். ஓரம் வெளியே தெரிந்தது.

"திருப்பிக் குடுத்துருங்கண்ணா. எம்பட சம்சாரம் தனியா இருப்பா."

"தனியா எதுக்குங்க? நான் போய் உக்காந்துக்கறனுங்க. வாங்குன நாளை வீணாக்க மாட்டனுங்க."

"அவளுக்கு உங்களைத் தெரியாதுங்களே."

"காலைல தெரிஞ்சுக்கும்."

நல்ல மனிதர். அந்த நாளை வெளியே எடுத்து, விரித்து, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"மயக்க ஊசி போடறப்ப கையைப் புடிச்சுக்கோணும்னு போட்டிருக்குது. எந்தக் கைங்க?"

நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேனாவோடு காத்திருந்தார்.

"இடது கைங்க" என்றேன். "கொஞ்சம் இறுக்கிப் புடிங்க. பயந்துக்குவா."

எழுதிக்கொண்டார்.