எறும்பில்லாத பியோனி

எங்கள் அப்பாவுக்கு யாழ்ப்பாணம் பெரியகடையில் புடைவைக்கடை. பிடித்த சேலையை வாங்க வந்தவள் முதலில் தொடமாட்டாள் என்பார் அவர். பக்கத்துச் சேலையை விரித்து, அதில் நூறு குறை சொல்லி, எழும்பிப் போகிற போக்கில் "உது என்ன விலை?" என்று சுண்டுவிரலால் காட்டுவாள். அதுதான் அவள் மனதில் இருந்த சேலை. ஆசையை முகத்தில் காட்டிவிட்டால் பேரம் அத்தோடு சரி. இந்த ஒரு படிப்போடு சுவிஸுக்கு வந்த நான், முப்பது வருடமாக ஓஸ்டர்முண்டிகனில் வீட்டுக்காரன் முதல் மருத்துவமனைச் சமையலறை மேலாளர் வரை எல்லாரையும் பேசி மடக்கியிருக்கிறேன்.

போன வருடம் தை மாதம் என் மனைவி தில்லைநாயகி டொராண்டோவுக்குப் புறப்பட்டாள். மகள் லக்சாயினிக்கு இரட்டைப் பிள்ளைகள். மூன்று மாதம் நின்று பார்த்துவிட்டு வருவதாகப் பேச்சு. விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டே சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, பியோனியை மறந்துபோகாதையுங்கோ. அது பூக்கிற நேரம் நான் வந்திடுவன்."

"வாறதெண்டால் வாரும், நிக்கிறதெண்டால் நில்லும். பூ தன்ரபாட்டில பூக்கும்," என்றேன்.

அப்பா கேட்டிருந்தால் முதுகில் தட்டியிருப்பார். அவள் உள்ளே போன பிறகு, தரிப்பிடச் சீட்டின் நேரம் முடியும்வரை காருக்குள்ளேயே இருந்தேன்.

அந்தப் பியோனிப் பூச்செடி வந்த கதையைச் சொல்லவேண்டும். எங்கள் வீடு கீழ்த்தளம். பின்னால் பாய் விரித்தாற்போல ஒரு தோட்டம். வேலிக்கு அந்தப் பக்கம் ஃபிராவ், அதாவது திருமதி, கெர்பர். தபால்காரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஐந்து பியோனிச் செடிகள். ஒரு வைகாசியில் அவற்றின் மொட்டுகளில் எறும்பு மொய்ப்பதைத் தில்லை கண்டாள். பாவம் கிழவி என்று நினைத்து, வேலியால் எட்டி எல்லா மொட்டிலும் மஞ்சள்தூளைத் தூவிவிட்டாள்.

"என் பூக்களைக் கறி வைத்தது யார்?" என்று கத்திக்கொண்டு வந்தார் ஃபிராவ் கெர்பர்.

கோபம் ஆறியதும் விளக்கம் வந்தது. மொட்டில் இனிப்பாக ஒரு பிசின் கசியுமாம். எறும்பு அதைத்தான் நக்க வருகிறதாம். பூவுக்கு ஒரு கெடுதலும் இல்லையாம். எறும்பு ஏறினால் மொட்டு நல்ல மொட்டு. அன்றிலிருந்து இருவரும் வேலியில் நின்று கதைக்கத் தொடங்கினார்கள். இலையுதிர் காலத்தில் ஃபிராவ் கெர்பர் ஒரு செடியைக் கிண்டிப் பிளந்து, ஒரு துண்டுக் கிழங்கைத் தந்தார். தில்லை அதை நட்டாள்.

நட்டது அவள். கெடுத்தது நான். கிழங்கென்றால் எங்களுக்குத் தெரிந்தது இராசவள்ளிதானே? மண்ணை எவ்வளவு அணைக்கிறோமோ அவ்வளவு விளையும். இரண்டு வருடமாக, குளிர் தொடங்க முதல், ஒரு வண்டில் மண்ணும் எருவும் கொட்டி, செடியடியில் சின்னக் கோபுரமே கட்டினேன். இலை காடாக வந்தது. பூ வரவில்லை.

சித்திரையில் டொராண்டோவிலிருந்து தில்லை ஃபோனில் கேட்டாள். "மொட்டு வந்திட்டோ?"

"வரும்."

"அப்ப இன்னும் ரெண்டு மாதம் நிக்கட்டோ? பிள்ளை தனிய மாயிறாள்."

"நில்லும். இஞ்சை ஒரு குறையுமில்லை."

குறை இல்லைதான். சோறு மட்டும் இரண்டு பேருக்கு வெந்துகொண்டிருந்தது. தோட்டக் கதவடியில் அவளுடைய பச்சை ரப்பர்ச் செருப்பு. மழை வந்தால் உள்ளே எடுப்பேன், வெயில் வந்தால் வெளியே வைப்பேன். ஒருநாள் அதற்குள் சிலந்தி வலை கட்டியிருந்தது. துடைத்துவிட்டு, மறுபடி கதவடியிலேயே வைத்தேன்.

ஆனியில், வியாபாரியின் மூளை வேலை செய்தது. பூத்தால் வருவேன் என்றவளுக்குப் பூவைக் காட்டினால் போதாதா? சனிக்கிழமை பேர்ன் சந்தையில் மூன்று பியோனி வாங்கினேன். விலை கேட்கவே இல்லை, கேட்டதைக் கொடுத்தேன். கொண்டுவந்து எங்கள் செடியின் இலைக்குள் செருகி, பச்சை நூலால் கட்டி, நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பினேன்.

அடுத்த நிமிடமே வீடியோவில் வந்தாள். மடியில் ஒரு பேரன்.

"வடிவாத்தான் கிடக்கு. எங்கை, எறும்பைக் காணேல்லை?"

"சனிக்கிழமை. அதுகளுக்கும் லீவு."

"ஃபோனைக் கிட்டக் கொண்டுபோங்கோ. பக்கத்து மொட்டைக் காட்டுங்கோ." மொட்டு ஏது? "இஞ்சேருங்கோ, உது என்ன பச்சை நூல்?"

விழுந்து விழுந்து சிரித்தாள். பேரனும் காரணம் தெரியாமல் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"ஏன் உப்பிடிச் செய்தனீங்கள்?"

"சும்மா, பகிடிக்கு."

"பகிடிக்கோ? நான் வரவேணுமெண்டு ஒருக்கா வாயால சொல்லுங்கோவன். இத்தனை வருசத்தில நீங்கள் என்னை வா எண்டு கூப்பிட்டதே இல்லை."

"புல்லு வெட்டவேணும். மழை வரப்போகுது," என்றேன்.

"சரி. வெட்டுங்கோ," என்று வைத்துவிட்டாள். விசாவை நீட்டிவிட்டதாக லக்சாயினிதான் பிறகு சொன்னாள்.

செருகிய பூக்கள் மூன்றாம் நாள் தலை சாய்ந்தன. அவற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது ஃபிராவ் கெர்பர் வேலியில் நின்று என் மண்கோபுரத்தைப் பார்த்தார்.

"ஹெர் நித்தியானந்தன், இது என்ன, கல்லறையா?"

கிழங்கின் கண்கள் மண்ணுக்குக் கீழே இரண்டு விரற்கடைக்கு மேல் போகக்கூடாதாம். குளிர் அதன் தலையைத் தொட்டால்தான் பூக்குமாம். நான் போர்வைக்கு மேல் போர்வை போட்டு உறங்க வைத்திருக்கிறேன். இப்போது தொடவேண்டாம், புரட்டாதியில் கிண்டலாம் என்றார்.

புரட்டாதியில் கிண்டினோம். முழங்கை ஆழத்தில், சிவந்த கண்கள் மேலே பார்த்தபடி இருந்தன. கழுவி, மேலாக வைத்து, மெல்லிசாக மூடினேன். பனி கொட்டிய நாட்களில் ஒரு வாளி மண்ணாவது போட்டுவிடலாமா என்று கை துடித்தது. போடவில்லை.

"அடுத்த வருடம் எதிர்பார்க்காதீர்கள். இடம் மாறினால் இது இரண்டு மூன்று வருடம் கோபித்துக்கொண்டு நிற்கும்," என்றிருந்தார் ஃபிராவ் கெர்பர்.

இந்த வைகாசியில், ஏழு தண்டுகளில் ஒன்றின் நுனியில் மட்டும், பாக்களவில் ஒரு மொட்டு. அதில் நான்கு எறும்பு.

ஃபோனை எடுத்துப் படம் பிடித்தேன். படத்தில் எறும்பு தெளிவாக விழுந்திருந்தது. இனி அவளால் ஒன்றும் சொல்லமுடியாது; சொன்ன சொல்லுக்கு வரத்தான் வேண்டும். அனுப்பும் அம்புக்குறியில் விரலை வைத்தபடி நின்றேன். பூவுக்காக வந்தால் பூவைப் பார்க்கத்தான் வருவாள். படத்தை அழித்துவிட்டு அழைத்தேன். அங்கே காலை ஒன்பது மணி.

"தில்லை."

"என்ன, குரல் ஒருமாதிரி? சுகமில்லையோ?"

"சுகந்தான். வாருமன்."

"என்ன?"

"வீட்டை வாரும் எண்டுறன். நீர் இல்லாமல் ஏலாமல் கிடக்கு."

மறுமுனையில் ஒரு பிள்ளை அழுதது. அவள் தேற்றவில்லை.

"பூத்திட்டோ?" என்று கடைசியில் கேட்டாள்.

மொட்டைப் பார்த்தேன். "இன்னும் இல்லை."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அங்கை இப்ப குளிரோ? கோட்டு எடுத்துக்கொண்டு வரவோ?"

மூன்று கிழமையில் டிக்கெட். மொட்டு அதுவரை காத்திருக்காது. ஒரு கிழமையில் விரிந்து, அடுத்த கிழமையில் கொட்டிவிடும். வேலிக்கு ஓடினேன். மொட்டை அமுக்கினால் ஆறிய இட்டலி மாதிரி இருக்கும் நாளில் வெட்டி, பத்திரிகையில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் தண்ணீரில்லாமல் படுக்க வையுங்கள், ஒரு மாதம் தூங்கும், வெளியே எடுத்துத் தண்ணீரில் வைத்தால் விழிக்கும் என்றார் ஃபிராவ் கெர்பர்.

ஐந்து நாள் காலையும் மாலையும் அமுக்கிப் பார்த்தேன். ஆறாம் நாள் வெட்டினேன். இப்போது அது மரக்கறித் தட்டில், கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் நடுவே படுத்திருக்கிறது. எறும்புகளைத் தட்டிவிட்டுத்தான் சுற்றச் சொன்னார். மூன்றைத் தட்டினேன். ஒன்றை விட்டுவிட்டேன்; அவள் கேட்பாள்.