ஸ்டீயரிங் பிடித்த மாப்பிள்ளை

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையிலிருந்த ஜெனிஃபாவுக்கு ஞாயிறு ஆராதனை முடிந்தால் ஜீப்தான். தன்னைவிட வயதில் மூத்த வண்டியை ஆசைப்பட்டு வாங்கி, ஒவ்வொன்றாகத் தானே சரிசெய்து வந்தாள். ஸ்டீயரிங் மட்டும் அடங்கவில்லை. கால் சுற்று வீணாகச் சுற்றிய பிறகுதான் சக்கரமே அசையும். ஸ்டீயரிங்கிலிருந்து கீழே இறங்கும் சாஃப்டின் முனையில் பற்கள் தேய்ந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள்.

அதைக் கழற்ற ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தபோதுதான் அம்மா ஜெயபுஷ்பம் பதறிக்கொண்டு வந்து, மாப்பிள்ளை வந்திருப்பதாகச் சொன்னாள்.

ஜோஸ் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வேலை பார்த்தான். நிச்சயம் ஆனதிலிருந்து இருவரும் போனில் 'சாப்டீங்களா' என்பதைத் தாண்டியதில்லை. கல்யாணப் பத்திரிகை மாதிரியைக் காட்ட வந்தவன், முகமெல்லாம் கிரீஸோடு எழுந்து உட்கார்ந்த பெண்ணைப் பார்த்தான். முடிந்தது கதை என்று ஜெனிஃபா நினைத்தாள். அவனோ பத்திரிகையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தான்.

"நான் இன்னா புடிக்கணும்?"

வண்டிக்கு வெளியே நின்றபடி ஸ்டீயரிங்கைப் பிடித்து மேலே இழுக்கச் சொன்னாள். துருப்பிடித்த போல்ட்டில் எண்ணெய் ஊற்றி, காத்திருந்து, தட்டித் தட்டிக் கழற்றினாள். சாஃப்ட் சட்டென்று விடுபட்டதும் ஜோஸ் பின்பக்கமாகச் சாய்ந்து துவைத்த துணிக்கூடையில் விழுந்தான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் சிரித்தது அவன்தான்.

கலீமுல்லாவின் லேத் பட்டறைக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு; ஞாயிறு திறந்திருக்கும். கோணியில் சுற்றிய சாஃப்டோடு ஜெனிஃபாவின் ஸ்கூட்டரில் இருவரும் போனார்கள். கலீமுல்லா தேய்ந்த முனையை விரலால் தடவிப் பார்த்து, அதை வெட்டிவிட்டுப் புது முனை வைத்துத் தருவதாகச் சொன்னார். அதுவரை எதிர்க் கடையில் டீ குடித்தார்கள். தனக்குக் கார் ஓட்டத் தெரியும் என்று தன் வீட்டார் சொன்னது பொய், சைக்கிள்தான் தெரியும் என்றான் ஜோஸ். அவள் சிரித்ததில் டீ துப்பட்டாவில் சிந்தியது. அதன் பிறகு பேச்சு நிற்கவேயில்லை.

திரும்பி வந்து மாட்டும்போதும் பேசிக்கொண்டேயிருந்தார்கள். தெருவில் ஓட்டிப் பார்த்தால் வண்டி நேராகப் போனது, ஸ்டீயரிங் மட்டும் கோணலாக நின்றது. முன்சக்கரம் நேராக இருக்கிறதா என்று பார்க்காமலே சாஃப்டை மாட்டியிருக்கிறாள். கம்பெனியில் ஒரு தையல் பிசகையும் தப்பவிடாதவள்.

"மறுபடி கழட்டணுங்க. உங்களுக்கு பஸ்ஸுக்கு லேட்டாய்டும்."

"மெதுவா கழட்டு," என்றான் ஜோஸ். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

'கழட்டுங்க' என்னாமல் 'கழட்டு' என்றதை இருவருமே கவனித்தார்கள். ஜெனிஃபா ஸ்பானரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். அது அவள் கையிலேயே இருந்தது.

இரண்டாவது முறை சக்கரத்தை நேராக்கி, பொறுமையாகப் பல்லோடு பல் சேர்த்து, போல்ட்டை இறுக்கினாள். பேரணாம்பட்டு ரோட்டில் விரல் தொட்ட பக்கம் ஜீப் திரும்பியது. ஊருக்கு வெளியே ஒரு காலி மைதானத்தில் நிறுத்தி, இறங்கிச் சுற்றி வந்து அவன் பக்கக் கதவைத் திறந்தாள்.

"தள்ளி உக்காருங்க. இனிமே நீங்க ஓட்டுங்க."

ஜோஸ் கிளட்சை விட்டதும் ஜீப் தவளைபோல் குதித்து நின்றது. அவன் கூச்சப்படாமல் மறுபடி சாவியைத் திருப்பினான்.