காரண நோட்டு

என் வேலை என்னவென்று உறவுக்காரர்களுக்கு விளக்குவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். "எந்த ஷேர் வாங்கலாம்?" என்பார்கள். ஷேர் பக்கமே நான் போவதில்லை, கடன் பத்திரம்தான் என்றால் முகம் தொங்கிப்போகும். நாத்தனார் ஒருமுறை, "அப்போ பேங்க்ல டெபாசிட் போடறதுக்கா உனக்குச் சம்பளம்?" என்று கேட்டாள். கிட்டத்தட்ட அதுதான் என்று சொல்லிவைத்தேன். அவளோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை.

பஸ் டிரைவர்களின் ஓய்வூதியப் பணத்தைக் கடன் பத்திரங்களில் போட்டுப் பெருக்குவது எங்கள் அலுவலகத்தின் வேலை. அதில் பத்து வருடமாக நான் துணை மேலாளர். மேலாளர் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். அவர் நாற்காலிக்கு இரண்டு பேர் காத்திருந்தோம். ஒன்று நான், இன்னொன்று 'சூப்பர்ஃபாஸ்ட்' என்று நாங்கள் கூப்பிடும் ஒருவன். பேச ஆரம்பித்தால் அவன் எந்த ஸ்டேஷனிலும் நிற்க மாட்டான். "இந்தத் தடவையும் இல்லேன்னா விட்டுடு, போதும்" என்று கணவர் சொல்லியிருந்தார். எனக்கும் போதும் போதும் என்றுதான் இருந்தது. ஆனாலும் அந்த நாற்காலி எனக்கு வேண்டும். பத்து வருடம் அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

மேலாளரிடம் ஒரு வழக்கம் உண்டு. காரண நோட்டு. எதை வாங்கினாலும் விற்றாலும், அதற்கு முன்பே ஏன் என்று பேனாவால் எழுதிவிட வேண்டும். "லாபம் வந்தப்புறம் எல்லாருக்கும் காரணம் தெரியும்மா. முன்னாடி என்ன நெனச்சோம்ங்கறதுதான் முக்கியம்" என்பார்.

போன செவ்வாய்க்கிழமை அவர் வெளியூர் போயிருந்தார். மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். நான் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் கண்ணை மூடியும் மூன்று நாளாகியிருந்தது. மறுநாள் காலை மத்திய வங்கி வட்டியை அறிவிக்கப்போகிறது. ஏற்றுவார்கள் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. நோட்டில் எழுதினேன்: "வட்டி ஏறும். ஆகவே வாங்குகிறேன்." தரகருக்குப் போன் போட்டு, எனக்கு அனுமதித்திருந்த தொகை முடியும் வரைக்கும் பத்து வருடப் பத்திரங்களாக வாங்கித் தள்ளினேன்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் உறைத்தது. வட்டி ஏறினால் பத்திரத்தின் விலை இறங்கும். நாளைக்கு வருகிற புதுப் பத்திரம் கூடுதல் வட்டி தரும்போது, நம் கையில் இருக்கும் பழசை அதே விலைக்கு எவன் வாங்குவான்? இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. விற்க வேண்டியதை நான் வாங்கித் தொலைத்திருந்தேன். தரகரைக் கூப்பிடப் போனை எடுத்தேன். சந்தை அதற்குள் மூடியாகிவிட்டது.

மறுநாள் சந்தை திறப்பதற்கு முன்பே அறிவிப்பு வந்தது. வட்டியைக் குறைத்துவிட்டார்கள். ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. பத்திர விலை எகிறியது. வட்டி ஏறும் என்று நினைத்தது ஒரு தப்பு, ஏறினால் வாங்க வேண்டும் என்று நினைத்தது இன்னொரு தப்பு. இரண்டும் சேர்ந்து அந்த வருடத்தின் பெரிய லாபமாகிவிட்டது.

ஆளாளுக்கு வந்து கைகொடுத்தார்கள். சூப்பர்ஃபாஸ்ட்கூட "எப்படிக்கா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றான். அவன் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"தெரியலப்பா" என்றேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று எடுத்துக்கொண்டான்.

அடுத்த மேலாளரைத் தேர்ந்தெடுக்கும் குழு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூடுவதாக இருந்தது. அதற்கு முன்னால் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'ஏறும்' என்பதை அடித்துவிட்டு 'இறங்கும்' என்று எழுதினால் போதும், நான் தீர்க்கதரிசி. நல்லவள் என்பதால் அடிக்காமல் விட்டேன் என்று சொல்ல மாட்டேன். அடித்தால் ஆயுசுக்கும் அதை ஞாபகம் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கும் தெம்பில்லை.

குழுவில் மூன்று பேர். ஒரு வக்கீல், ஒரு பல் டாக்டர், பணத்துக்குச் சொந்தக்காரர்கள் சார்பில் ஓய்வு பெற்ற ஒரு டிரைவர். மேலாளர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஓட்டு கிடையாது.

"செவ்வாய்க்கிழமை என்ன எழுதினீங்க, படிங்களேன்" என்றார் வக்கீல்.

"வட்டி ஏறும். ஆகவே வாங்குகிறேன்."

வக்கீல் தலையாட்டினார். "எவ்வளவு தெளிவு பாருங்க" என்றார் பல் டாக்டர். மேலாளர் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை.

நானும் திறக்காமல் இருந்திருக்கலாம். "சார், இது தலைகீழ்" என்றேன். பஸ்ஸில் உறைத்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"இருக்கட்டும்மா, லாபம் வந்துச்சில்ல?" என்றார் பல் டாக்டர்.

"அதிர்ஷ்டமும் ஒரு தகுதிதானே!" என்று வக்கீல் சிரித்தார்.

டிரைவர் சிரிக்கவில்லை. "நான் ஒரு தடவை தூக்கக் கலக்கத்துல ரூட்டு மாறிப் போயிட்டேன். ரோடு காலியா இருந்துச்சு. கால் மணி நேரம் முன்னாடியே கொண்டுபோய்ச் சேத்துட்டேன். பாசஞ்சருங்க எல்லாம் கைதட்டினாங்க. டிப்போவுல மெமோ குடுத்தாங்க. குடுத்தது சரிதான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க தூங்கி எத்தனை நாளாச்சும்மா?"

அந்த வாரம் முழுக்க என்னிடம் அதைக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான்.

கை தூக்கச் சொன்னார்கள். வக்கீலும் பல் டாக்டரும் எனக்காகத் தூக்கினார்கள். டிரைவரின் கை மேஜை மேலேயே இருந்தது. அந்த அறையில் தன் பணத்தை எங்களிடம் கொடுத்திருந்தவர் அவர் மட்டும்தான்.

வெளியே வந்ததும் மேலாளர், "நீங்க சொல்லலேன்னா நான் சொல்லியிருப்பேன்மா" என்றார். தன் அறைச் சாவியை அப்போதே என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

கணவரைப் போனில் கூப்பிட்டேன். மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்றார். "கெடச்சுதா?"

"கெடச்சுது. ரெண்டு பேர் ஆமான்னாங்க, ஒருத்தர் வேண்டாம்னார். வேண்டாம்னவர் சொன்னதுதான் சரி."

"அப்போ விட்டுடறியா?"

"இல்ல" என்றேன். அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

சந்தை மூட இன்னும் இருபது நிமிடம் இருந்தது. நோட்டை எடுத்தேன். "வெல இன்னும் ஏறும்க்கா, அவசரப்படாதீங்க" என்றான் சூப்பர்ஃபாஸ்ட். ஏறலாம். அது எனக்குத் தெரியாது, செவ்வாய்க்கிழமையும் தெரிந்திருக்கவில்லை. மேலாளராக என் முதல் வரியை எழுதினேன்: "வாங்கியது என் தப்பு. ஆகவே விற்கிறேன்."

போனை எடுக்கும் முன், விற்கிறேன் என்றுதான் எழுதியிருக்கிறேனா என்று மூன்று தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன்.