லெஃப்ட்டுங்கோ

பந்து கோலுக்குள் போன பிறகுதான் கோல்கீப்பர் சுப்ரஜா தன் வாக்கியத்தைச் சொல்லி முடித்தாள். "வள்ளியக்கா, கொஞ்சம் லெஃப்ட்ல வாங்கோ."

வள்ளிக்கண்ணு ஹாக்கி ஸ்டிக்கைத் தரையில் ஊன்றி நின்று திரும்பிப் பார்த்தாள். "வந்துட்டேன்டி. இப்ப என்ன, பந்தை எடுத்துக் கையில குடுக்கணுமா?"

தமிழ்மணி விசில் ஊதவில்லை. கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளியின் மேல் உட்கார்ந்தபடி வலது முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். துவாக்குடியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, இந்தப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறி ஒரு தனியார் பள்ளிக்கு பி.டி. டீச்சராகப் போகிறவள் அவள். முட்டிகள் இரண்டும் அவள் கோல்கீப்பராக இருந்த காலத்தின் மிச்சம். காலையில் படியிறங்கும்போது அவை தனியாக முனகும்.

சுப்ரஜாவுக்குக் கால் வேலையைச் சொல்லிக்கொடுப்பது எளிதாக இருந்தது. தமிழ்மணி அதற்கு எப்போதும் துணி காயப்போடும் கயிற்றைத்தான் எடுப்பாள். கோல் கம்பங்கள் இரண்டிலும் ஒவ்வொரு கயிறு கட்டி, இரண்டையும் கொண்டுபோய்ப் பந்து இருக்கும் இடத்தில் முடிந்துவிடுவாள். தரையில் ஒரு முக்கோணம் விழும். பந்து கோலுக்குள் போக வேண்டுமென்றால் அந்தக் கயிறுகளுக்கு நடுவில்தான் போயாக வேண்டும். கோல்கீப்பர் கோட்டின் மேலேயே நின்றால் இரண்டு பக்கமும் கதவு திறந்தது போல இடம் கிடக்கும். ஓரடி முன்னால் வந்தால் கயிறுகள் நெருங்கும். இன்னும் வந்தால் இரண்டு காலிலும் கட்டியிருக்கும் பேடே போதும், கதவு சாத்தினது போலாகிவிடும். ஆனால் ரொம்ப வந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவளுக்குப் பந்தைத் தள்ளிவிட்டு உன்னைச் சுற்றிக்கொண்டு போவார்கள். எவ்வளவு வரலாம் என்பதுதான் கலை. இதைச் சொல்லும்போது மட்டும் தமிழ்மணிக்கு முட்டி வலி மறந்துபோகும். சுப்ரஜா கயிற்றைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மறுநாள் கயிறு இல்லாமலே அந்த முக்கோணத்துக்குள் நின்றாள்.

ஆனால் கால் பாதி வேலைதான். மீதி தொண்டையில் இருக்கிறது. தடுப்பாட்டக்காரிகள் எல்லோரும் பந்தைப் பார்த்து நிற்பவர்கள். தங்கள் முதுகுக்குப் பின்னால் எவள் நுழைகிறாள் என்று அவர்களுக்குத் தெரியாது. மைதானம் முழுவதையும் முகத்துக்கு நேராகப் பார்ப்பவள் கோல்கீப்பர் ஒருத்திதான். அவள் பார்த்துச் சொன்னால்தான் மற்றவர்களுக்குக் கண். 'டி' என்று சொல்லும் அரைவட்டக் கோட்டின் விளிம்பிலிருந்து அடித்த பந்து கோலை எட்டுகிற நேரத்தில் ஒரு 'வா' சொல்லலாம். 'வாங்கோ' சொல்ல முடியாது.

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதிப் பெண் சுப்ரஜா. தடுப்பாட்டக்காரி வள்ளிக்கண்ணு அவளைவிட ஒரு வகுப்பு மூத்தவள். அப்பா காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்குகிறவர், மகளுக்கும் அவருடைய குரல். அவளை 'வா, போ' என்று கூப்பிட சுப்ரஜாவுக்கு வாய் வரவில்லை. ஆங்கிலத்தில் மரியாதை விகுதி கிடையாதே என்று யோசித்து, லெஃப்ட், ரைட் என்று மட்டும் கத்தச் சொன்னாள் தமிழ்மணி. முதல் பந்து வந்தது. சுப்ரஜா முழுக் குரலில் கத்தினாள். "லெஃப்ட்டுங்கோ!"

வள்ளிக்கண்ணு சிரித்துச் சிரித்து மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அணியில் சுப்ரஜாவுக்கு அதுதான் பெயர்.

வரும் ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். மாநிலப் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுக்கத் தேர்வாளர்கள் வருகிறார்கள். சுப்ரஜாவின் அப்பா லக்ஷ்மிகாந்த் இன்சூரன்ஸ் ஆபீஸ்காரர், தன்மையான மனிதர். தன்மையாகவே சொல்லிவிட்டார்: முகாமுக்கு எடுத்தால் தொடரட்டும், இல்லையென்றால் பிளஸ் ஒன் டியூஷன் ஆரம்பிக்கிறது, பேடைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். தமிழ்மணிக்கு இது புதிதில்லை. அவள் உருவாக்கிய கோல்கீப்பர்கள் எல்லோருமே இப்படித்தான் பத்தாம் வகுப்பு வாசலில் இறங்கிப் போனார்கள். ஒவ்வொரு முறையும் வேறொரு சின்னப் பெண்ணை நிற்கவைத்து, பேடின் பக்கிள் வெளிப்பக்கம் வர வேண்டும் என்பதிலிருந்து மறுபடி ஆரம்பிப்பாள். இந்தப் பெண்ணும் போனால் இனி பக்கிளிலிருந்து ஆரம்பிக்கத் தன்னிடம் தெம்பில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னாலும் 'விட்டுட்டு நிம்மதியா இரு' என்பார்கள்.

அந்த வாரத் தொடக்கத்தில் ஒரு நாள் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி தூங்கி வழிந்துகொண்டிருந்தபோது கண்டக்டர் அவள் காதருகே கத்தினார். "சத்திரம், சத்திரம், சத்திரம்!" தமிழ்மணி கண்ணைத் திறந்தாள். முன் சீட்டில் ஒரு வக்கீல், பின்னால் ஒரு பூக்காரி, படியில் காலேஜ் பையன்கள். எல்லோருக்கும் ஒரே குரல். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஊர்ப் பெயருக்கு ஏது மரியாதை விகுதி?

அவர்கள் ஆடும் மைதானத்துக்கு இரண்டு வாசல். மேற்கு வாசலில் வெளியே போனால் சத்திரம் பஸ் ஸ்டாண்டு, கிழக்கு வாசலில் போனால் மார்க்கெட். தென்பக்கக் கோலில் வடக்கே பார்த்து நின்ற சுப்ரஜாவின் இரண்டு கையையும் விரித்துப் பிடித்து தமிழ்மணி சொன்னாள். "இந்தப் பக்கம் சத்திரம். இந்தப் பக்கம் மார்க்கெட். நீ கண்டக்டர். அவ்வளவுதான்."

"பேரு மட்டும் சொன்னாப் போறுமா மேடம்?"

"போதும். டிக்கெட்லாம் கேக்காத."

அது வேலை செய்தது. சுப்ரஜா "சத்திரம்!" என்று கத்த, வள்ளிக்கண்ணு இடப்பக்கம் பாய்ந்தாள். "மார்க்கெட்!" என்றால் வலப்பக்கம். "எங்கப்பாரைப் பாக்கப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். இடமும் வலமும் இருவருக்கும் ஒன்றுதான், இருவரும் ஒரே திசையைப் பார்த்துத்தானே நிற்கிறார்கள். வாரம் முழுவதும் தென்பக்கக் கோலிலேயே பயிற்சி நடந்தது. வடக்குப் பாதியில் காலேஜ் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள், அவர்களிடம் போய் நகரச் சொல்ல தமிழ்மணிக்கு அலுப்பாக இருந்தது.

ஞாயிறு காலை லக்ஷ்மிகாந்தும் வந்திருந்தார். கேலரியின் சிமென்ட் படியில் கைக்குட்டை விரித்து உட்கார்ந்திருந்தவர் தமிழ்மணியைக் கண்டதும் எழுந்தார்.

"இவ ஆத்துல வாய மூடவே மாட்டா மேடம். இங்க பேசவே மாட்டேங்கறாளாமே?"

தமிழ்மணி பதில் சொல்வதற்குள், ஆள் உயரப் பையை இழுத்துக்கொண்டு சுப்ரஜா வந்தாள். "அப்பா, நகரு! பேக் வெக்கணும். நகருன்னா!"

அவர் சட்டென்று நகர்ந்தார். பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இது அவர்கள் வீட்டில் தினமும் நடப்பது என்பது அவர் நகர்ந்த விதத்தில் தெரிந்தது. தமிழ்மணிக்குத்தான் தூக்கிவாரிப்போட்டது. லால்குடிப் பக்கம் வயல்காட்டு வீட்டில் பிறந்தவள் அவள். தன் அப்பாவை ஒரு நாளும் 'வாங்க' என்றல்லாமல் கூப்பிட்டதில்லை. இந்தப் பெண்ணுக்கோ அப்பா 'நீ', வெளியில் உள்ளவர்கள் எல்லோரும் 'நீங்கள்'. அப்படியென்றால் இத்தனை நாள் தொண்டையை அடைத்தது பயம் இல்லை. வள்ளிக்கண்ணு இன்னும் வெளியாள், அவ்வளவுதான்.

"வள்ளியையும் உங்கப்பான்னு நினைச்சுக்கோயேன்டி" என்றாள், பக்கிளை இறுக்கிவிட்டபடி.

"யாரு, நானா?" என்றாள் வள்ளிக்கண்ணு. "அப்ப மீசை வெச்சுக்கட்டா மேடம்?"

"ஓடு. சத்திரம், மார்க்கெட் இருக்குல்ல, அது போதும்."

முதல் பாதியில் எல்லாம் சொன்னபடி நடந்தது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சுப்ரஜாவின் குரல் டவுன் பஸ் போல வந்துகொண்டே இருந்தது. வேப்பமர நிழலில் இருந்த தேர்வாளர்களில் ஒருவர் அதைக் கேட்டுச் சிரித்தார், பிறகு அவளையே பார்க்க ஆரம்பித்தார். ஒரு கோல் முன்னிலை. தமிழ்மணி வாளியின் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். வெகு நாளுக்குப் பிறகு அது தண்ணீராக இறங்கியது.

இடைவேளை முடிந்தது. அணிகள் பக்கம் மாறின. சுப்ரஜா வடக்குக் கோலில் போய், தெற்கே பார்த்து நின்றாள்.

அப்போதுகூட தமிழ்மணிக்கு உறைக்கவில்லை. மேற்கு வாசல் பக்கமிருந்து எதிரணிப் பெண் பந்தோடு ஓடிவந்தபோதுதான், குடித்த தண்ணீர் நெஞ்சில் நின்றது. "சத்திரம்!" என்று கத்தினாள் சுப்ரஜா. வள்ளிக்கண்ணு வாரம் முழுக்கப் பழகியபடி தன் இடப்பக்கம் பாய்ந்தாள். இந்தக் கோலில் அவள் இடப்பக்கம் மார்க்கெட். திறந்து கிடந்த வழியில் அந்தப் பெண் நிதானமாக வந்து பந்தைத் தள்ளிவிட்டுப் போனாள்.

"சத்திரம் அங்கதானே இருக்கு!" சுப்ரஜா கையுறையால் மேற்கு வாசலைக் காட்டினாள். அழுகை வந்துவிட்டிருந்தது. "தெனம் நான் அங்கதானே பஸ் ஏறறேன்!"

"எனக்குச் சத்திரம்னா இடது கை. மேடம் அப்படித்தான் சொன்னாங்க."

இருவரும் தமிழ்மணியைப் பார்த்தார்கள். இருவர் சொன்னதும் சரி. கயிறு கட்டி முக்கோணம் போட்டு மணிக்கணக்காக விளக்கியவள், ஆள் திரும்பினால் ஊரும் கூடவே திரும்பாது என்ற ஒன்றை விட்டுவிட்டாள். ஒரே ஒரு நாள் அந்தக் கிரிக்கெட் பையன்களை நகரச் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். இங்கிருந்து எதையாவது கத்தலாமா என்று கையைத் தூக்கினாள். எந்தச் சொல்லைச் சொன்னாலும் இன்னும் குழப்பும். கையை இறக்கிக்கொண்டாள்.

அதன் பிறகு சுப்ரஜா பேசவேயில்லை. வந்த பந்துகளைக் காலால் தடுத்தாள், அழகாகவே தடுத்தாள். ஆனால் அவளுக்கு முன்னால் தடுப்பாட்டக்காரிகள் குருடர்களைப் போல ஒருவரோடொருவர் மோதிக்கொண்டார்கள். சிரித்த தேர்வாளர் செல்போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணிக்கு பெனால்டி கார்னர். முதல் அடியை சுப்ரஜா பேடில் வாங்கினாள். பந்து தெறித்து 'டி'யின் விளிம்புக்குப் போனது. அங்கே ஒருத்தி ஸ்டிக்கை ஓங்கிக்கொண்டு தயாராக நின்றாள். பந்தைத் தடுக்க வந்த வள்ளிக்கண்ணு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நடுவில் நின்றுவிட்டாள். அகலமான முதுகு. கயிறு கட்டியிருந்தால் இரண்டு கயிற்றுக்கும் சரியாக நடுவில் அந்த முதுகு. பந்து கண்ணுக்குத் தெரியாவிட்டால் எந்தக் கோல்கீப்பராலும் ஒன்றும் செய்ய முடியாது. தமிழ்மணி வாளியிலிருந்து எழுந்துவிட்டாள். லெஃப்ட் போயிற்று, ரைட் போயிற்று, சத்திரம் போயிற்று, மார்க்கெட் போயிற்று.

ஹெல்மெட்டின் கம்பிக்குள்ளிருந்து ஒரு குரல் மைதானத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"அப்பா! நகரு!"

வள்ளிக்கண்ணு துள்ளி விலகினாள். ஸ்டிக் இறங்கியது. அடுத்த கணம் 'டப்'பென்று ஒரு சத்தம், பேடின் தடித்த நுரையில் பந்து முழுசாகப் பதிகிற சத்தம். அது எந்தச் சத்தம் என்று தமிழ்மணிக்கு முட்டி வரைக்கும் தெரியும். பந்து பிறகு எந்தப் பக்கம் போனதென்று அவள் பார்க்கவில்லை. கேலரியைத் திரும்பிப் பார்த்தாள்.

காலிப் படிகளுக்கு நடுவில் லக்ஷ்மிகாந்த் எழுந்து நின்றுகொண்டிருந்தார். மகளின் பெரிய பையை மார்போடு அணைத்துப் பிடித்தபடி, விரித்த கைக்குட்டையிலிருந்து ஓரடி தள்ளி, வெயிலில்.