நூற்று அறுபத்தெட்டும் நாலும்

உயிர் போன உம்மாவின் காலைக் கழுவும்போது றிஸ்மினாவின் பெருவிரல் பட்ட இடத்தில் குழி விழுந்தது. விழுந்த குழி நிரம்பவில்லை.

"சொந்த மண்ணில மவுத்தாகக் கிடைச்சிருக்கு. அகதியா இருந்த புத்தளத்தில எண்டா என்ன செய்யிற?" என்றபடி தண்ணீரை ஊற்றினார் றம்லா மாமி.

"மண்ணால இல்ல மாமி. கிட்னியால."

மாமி அடுத்த வாளியை எடுத்தார்.

வெள்ளைக் கபன் துணி சுற்றி முடித்து அவள் வெளியே வந்தபோது, வாப்பா கதிரையில் இருந்து, துக்கத்துக்கு வந்த வஸீருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மடியில் ரிப்போட் பை.

"ஆஸ்பத்திரியில கிரியற்றினின் நூற்றி அறுபத்தெட்டு. பிறகு டவுன் லாப்ல எடுத்தம், நாலுக்கு இறங்கிட்டு. இதில எப்படி மவுத்தாகும்?"

காலையிலிருந்து ஏழாவது ஆளுக்குச் சொல்கிறார். நாலு என்று கேட்ட அன்றோடு கிளினிக்கும் குளிசையும் நின்றன. கம்பஸிலிருந்து போனில், "நல்லம் வாப்பா" என்றவள் அவள்தான். குடும்பத்தின் முதல் பட்டதாரி. என்ன அளவில் நாலு என்று கேட்கத் தெரியவில்லை.

இரண்டு தாள்களையும் இன்றுதான் கண்டாள். ஆஸ்பத்திரித் தாள் மைக்ரோமோலில், டவுன் லாப் தாள் மில்லிகிராமில். பக்கத்தில் எறும்பளவு இங்கிலீசில், சுகமானவர்களுக்கு எவ்வளவு இருக்கலாம் என்று. முதல் தாளில் நூற்றுப்பத்து வரை. மற்றதில் ஒன்று தசம் ஒன்று. யார் வாசிக்க அச்சடிக்கிறார்கள் இதை?

"வாப்பா, பத்து முழமா நாலு பாகமா, எது ஆழம்?"

முப்பது வருசம் வலை இறக்கியவர். "நாலு பாகம்தான். பதினாறு முழமெல்லோ."

சொன்னவரின் கை பையின்மேல் நின்றது.

"ஆஸ்பத்திரி முழத்தில அளந்த மாதிரி. டவுன்காரன் பாகத்தில. இறங்கல்ல வாப்பா. ரெண்டு மடங்குக்கு மேல கூடியிருக்கு."

"இப்ப ஏன் புள்ள இந்தக் கத?" என்றார் வஸீர்.

"இப்பதானே கடதாசியப் பாத்தன்."

வாப்பா அவளையே பார்த்தார். "நீயும் நல்லமெண்டுதானே சொன்ன."

"ஓம்."

திட்டுவார் என்று நின்றாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சந்தூக்குப் பெட்டியைத் தூக்க ஆட்கள் கூடினார்கள். பிந்தி வந்த பைறூஸ் வாப்பாவின் கையைப் பிடித்தார். "ரிப்போட் நல்லமெண்டீங்களே காக்கா?"

வாப்பா சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்கம்பத்தின் கீழ் போனார். மற்ற மூவரும் வளர்த்தியான பொடியன்கள். அவருடைய தோளுக்குக் கம்பம் எட்டவில்லை.

றிஸ்மினா வாசல் படலையோடு நின்றுகொண்டாள். ஒழுங்கை வளைவில் திரும்பும் வரை வாப்பாவின் குதிக்கால்கள் மண்ணில் படவில்லை.