எதிர்ப் பெட்டியில் மணல் மூட்டை

ஒரே ஒரு விஷயம் தேவநாதனுக்குப் பிடிபடவே இல்லை. ஸ்பெஷல் வழியில் ஏன் ஒருவரும் வருவதில்லை?

அவன் ஓட்டிய ராட்டினத்துக்கு இரண்டு வழி இருந்தது. ஒரு ரூபாய் டிக்கெட் எடுத்தால் மூங்கில் தடுப்புக்குள் நுழைந்து, நாலு மடிப்பு வளைந்து, அப்பளக் கடையைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். மூன்று ரூபாய் டிக்கெட்டுக்குத் தனிக் கவுண்டர், சிவப்பு எழுத்தில் 'ஸ்பெஷல்' என்ற பலகை. அதை வாங்கியவர் நேராக வந்து அடுத்த சுற்றிலேயே ஏறிக்கொள்ளலாம். 1983 மே மாதம், விழுப்புரத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கத்து மைதானத்தில் பொருட்காட்சி தொடங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஸ்பெஷல் வழியில் வந்தவர்கள் மொத்தம் பதினோரு பேர். அதில் இரண்டு பேர் வழி தெரியாமல் வந்தவர்கள்.

காசில்லாத குறை என்று சொல்லவும் முடியவில்லை. அதே ஆட்கள்தான் அட்டைக் காரில் உட்கார்ந்து ஐந்து ரூபாய் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஆளுயர அப்பளத்தைக் குடும்பத்தோடு நொறுக்கித் தின்றார்கள். வரிசையில் நிற்கிறபோது மட்டும் கால் வலிக்கிறது, வெந்து சாகிறோம், எப்போது விடுவான் என்று முனகினார்கள். முனகினார்களே தவிர நகரவில்லை.

தேவநாதன் பலகையைப் பெரிதாக்கிப் பார்த்தான். முதலாளியிடம் சொல்லி இரண்டு நாள் விலையைக் குறைத்தும் பார்த்தான். கடைசியில் வரிசையில் நின்ற ஒரு பெரியவரிடமே கேட்டான்.

"ஏன் பெரியவரே, அந்தப் பக்கம் வந்தா இந்நேரம் ஏறி எறங்கியிருக்கலாமே?"

"அந்தப் பக்கம் யாரு கீறாங்க?" என்றார் அவர்.

"யாரும் இல்ல. அதான் சொல்றேன், சீக்கிரம் போயிடலாம்."

"யாரும் இல்லாத எடத்துக்கு எதுக்குப்பா போறது?"

தேவநாதன் சிரித்துக்கொண்டே இன்ஜினுக்குத் திரும்பினான். பெரியவர் விடையைக் கையில் கொடுத்திருந்தார். அது அவனுக்குப் புரிய மூன்று வருஷம் ஆயிற்று.

மற்றபடி அந்த ராட்டினத்தில் அவனுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. பன்னிரண்டு பெட்டி, பெட்டிக்கு நாலு பேர். ஒரு டீசல் இன்ஜின், அதிலிருந்து ஒரு பெல்ட், பெல்ட்டை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு லிவர். சுற்றுவது ஐந்து நிமிஷம்தான். ஆட்களை ஏற்றி இறக்கத்தான் எட்டு நிமிஷம் ஆகும். ஏனென்றால் வரிசையாக முதல் பெட்டி, இரண்டாம் பெட்டி என்று நிரப்பிக்கொண்டே போனால் சக்கரம் ஒரு பக்கம் கனத்துவிடும். கனத்த பக்கம் கீழே இழுக்கும், பெல்ட் வழுக்கும். அதனால் முதல் பெட்டியில் நாலு பேரை ஏற்றியதும் அரைச் சுற்று சுற்றி, நேர் எதிரே இருக்கும் ஏழாவது பெட்டியை நிரப்பவேண்டும். பிறகு நாலு, அதற்கு எதிரே பத்து. இந்தப் பக்கம் ஒருவர் குறைந்தாலும் அந்தப் பக்கம் ஈடு கட்டவேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் வைப்பதற்கென்றே தூணடியில் மணல் மூட்டைகள் கிடந்தன.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தேவநாதனின் தங்கை தனம், ஓமந்தூரிலிருந்து புகுந்த வீட்டாரோடு வந்தாள். கல்யாணமாகி ஆறு மாதம்தான். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவளை வளர்த்து, நிலமும் நீரும் உள்ள குடும்பத்தில் கட்டிக்கொடுத்தது தேவநாதன்தான். ராட்டினம் ஓட்டுகிறவன் தங்கை என்று அந்த வீட்டில் இளக்காரமாகப் பார்ப்பார்களோ என்ற பயம் அவனுக்கு உள்ளூர இருந்துகொண்டே இருந்தது.

இன்ஜின் பக்கத்தில் இருந்தே அவர்களைப் பார்த்துவிட்டான். மூன்றாவது மடிப்பில் நின்றார்கள். தனத்தின் மாமியார் ராஜாமணி மடியில் அவித்த வேர்க்கடலையை, அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டையை, வைத்துக்கொண்டு முன்னால் நிற்பவர்களுக்கும் பின்னால் நிற்பவர்களுக்கும் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் கிருஷ்ணவேணி, மேலே சுற்றுகிற யாரோ ஒரு ஊர்க்காரியைப் பார்த்து, "ஏய், கண்ணத் தொறடி! காசு குடுத்துட்டு கண்ண மூடிக்கினா எப்டி!" என்று கத்தினாள். வரிசையே சிரித்தது. தனமும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் கணவன் சீனுவாசன் எல்லோருடைய செருப்புகளுக்கும் காவல் நிற்பவன் போல ஓரமாக நின்றான். கூட அந்த வீட்டு உறவுக்காரர் இரண்டு பேர்.

தேவநாதனுக்கு அந்தச் சிரிப்பு கண்ணில் படவில்லை. தன் தங்கை தன் ராட்டினத்துக்கு வரிசையில் நிற்கிறாள் என்பதுதான் பட்டது.

டிக்கெட் கிழிக்கும் முருகையனிடம், "அவங்கள உள்ள வுடுடா" என்றான்.

"ஆறு பேரு கீறாங்கண்ணா. ஆறையும் இழுத்தா வரிசை நம்மள உரிச்சுடும். ஒருத்தருன்னா கண்டுக்க மாட்டாங்க."

ஒருவர்தான் முடியும் என்றால் அது யாராக இருக்கவேண்டும்? தேவநாதன் யோசிக்கவே இல்லை. தடுப்பைத் தாண்டிப் போய்த் தனத்தின் கையைப் பிடித்தான்.

"நீ எதுக்கும்மா நிக்கற? வா."

"வேணாம்ணா. அத்தை நிக்கறாங்க."

"அத்தை மெதுவா வரட்டும். அண்ணன் வண்டி இது. வா ஜல்தி."

தனம் மாமியாரைப் பார்த்தாள். ராஜாமணி மல்லாட்டைத் தோலைத் துப்பிவிட்டு, "போம்மா, போ. அண்ணன் கூப்புடறாரு இல்ல" என்றாள். அந்தக் குரலில் இருந்ததைத் தனம் கேட்டாள். தேவநாதன் கேட்கவில்லை.

மூன்றாவது பெட்டியில் அவளை மட்டும் உட்காரவைத்தான். ராணி போல இருக்கட்டும் என்று கூட யாரையும் ஏற்றவில்லை. எதிரே ஒன்பதாவது பெட்டியில் ஈடுக்கு ஒரு மணல் மூட்டை. ஐந்து நிமிஷத்தில் நிறுத்தவேண்டிய சக்கரத்தைப் பாசத்தில் பத்து நிமிஷம் ஓட்டினான். மற்ற பெட்டிக்காரர்கள் விசில் அடித்தார்கள். தனம் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி, ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் தடவை ஏறுகிற பயம் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அதற்கு அடுத்த சுற்றுக்கு ஆள் ஏற்றும்போது பெல்ட்டின் தையல் விட்டுப்போனது. ஏற்கெனவே நைந்த பெல்ட். பத்து நிமிஷம் விடாமல் ஓட்டியதில் சூடேறியிருந்தது. மறுபடி தைத்து மாட்ட முக்கால் மணி நேரம் வேண்டும். ராஜாமணி குடும்பம் அப்போது வரிசையின் தலைமாட்டுக்கு வந்திருந்தது. இன்னும் எட்டே பேர் போனால் அவர்கள்தான். ஆனால் ஏழரை மணிக்குத் திண்டிவனம் பஸ்ஸைப் பிடித்தால்தான் அங்கிருந்து ஓமந்தூருக்குக் கடைசி டவுன் பஸ் கிடைக்கும்.

கை முழுக்க கிரீஸோடு தேவநாதன் ஓடி வந்தான். "அத்தை, கொஞ்சம் இருங்க. இதோ மாட்டிடறேன்."

"இருக்கட்டும் தம்பி" என்றாள் ராஜாமணி. "எங்க வூட்லருந்து ஒருத்தி ஏறிட்டா. அது போதும்."

அவர்கள் போனார்கள். தனம் கடைசியாகப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பொங்கலுக்குச் சீர்வரிசை எடுத்துக்கொண்டு தேவநாதன் ஓமந்தூர் போனான். கரும்பையும் மஞ்சள் கொத்தையும் புடவையையும் இறக்கி வைத்தபோது கிருஷ்ணவேணி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஸ்பெஷல்! உங்க அண்ணன் வந்துகீறாரு!"

தேவநாதன் சிரித்தான். வேடிக்கைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தான். சாப்பிடும்போது ராஜாமணி தனத்தைக் காட்டி, "மொதல்ல ஸ்பெஷலுக்கு போடுங்க, அவங்களால காத்துக்கினு இருக்க முடியாது" என்றாள். தனம் இலை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் தலை நிமிரவில்லை. அவன் அதற்கும் சிரித்தான். அப்படிச் சிரித்ததை நினைத்துப் பின்னாளில் அவன் பல தடவை கூசிப்போனான்.

மூன்று வருஷம் கழித்து, 1986 கோடையில், ராட்டினம் திண்டிவனத்துக்கு வந்தது. ஓமந்தூர் பக்கத்திலேயே இருக்கிறது, தனம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவாள் என்று தேவநாதன் தினமும் வரிசையைப் பார்த்தான். ஸ்பெஷல் வழி இங்கேயும் காலியாகத்தான் கிடந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். ராஜாமணி, கிருஷ்ணவேணி, சீனுவாசன், அக்கம்பக்கத்தார் இரண்டு பேர். தனம் இல்லை.

"தங்கச்சி எங்க மாப்ள?"

சீனுவாசன் செருப்பைப் பார்த்தான். கிருஷ்ணவேணி முந்திக்கொண்டாள். "வரல மாமா. ஸ்பெஷலுக்கு வரிசையில நின்னு பழக்கமில்லயாம்."

ஐந்து பேரையும் அவன் ஒரே சுற்றில் ஏற்றினான். இறங்கியதும் ராஜாமணியிடம், "எப்டி இருந்துச்சு அத்தை?" என்று கேட்டான்.

"இன்னாத்த சொல்றது. மேல போனேன். கீழ பாத்தேன். ஒரு மொகமும் தெரிஞ்ச மொகமில்ல. எறங்கிட்டேன்" என்றாள் அவள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தேவநாதன் ஓமந்தூர் போனான். தனம் களத்தில் விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தில் குழந்தை தோலை அள்ளி அள்ளிப் போட்டது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

"ஏம்மா வரல?"

"வேல இருந்துச்சு."

"பொய் சொல்லாத."

தனம் இன்னொரு மல்லாட்டையை எடுத்து உடைத்தாள்.

"வந்து எங்க நிக்கறதுண்ணா? வரிசையில நின்னா நடிக்கறான்னுவாங்க. நிக்காம நீ கூப்ட்டு ஏறினா திமிருன்னுவாங்க. வூட்லயே இருந்தா வேல பாக்கறான்னாவது சொல்லுவாங்க."

"உன்ன அவங்க முன்னாடி ஒசத்தணும்னுதாம்மா..."

"தெரியும். ஒசரத்துலதான் வச்ச." அவள் கோபமாகச் சொல்லவில்லை. "அன்னிக்கு மேல போயி கீழ பாத்தேன். எங்க வூட்டு ஆளுங்க அஞ்சு பேரும் என்னையே பாத்துக்கினு நிக்கறாங்க. ஒருத்தரும் கை ஆட்டல. அதுக்கு முன்னாடி வேணி யாரோ ஒருத்திய எப்டி கூவிக்கினு இருந்தா தெரியுமா? நானும் அப்டி மேல போனா என்னையும் கூவுவான்னு நெனச்சு ஆசையா நின்னுக்கினு இருந்தேன். எதிர்ல பாத்தா மணல் மூட்ட."

திரும்பி வருகிற பஸ்ஸில் தேவநாதன் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு வந்தான். ராட்டினம் என்றால் சக்கரம், இன்ஜின், பெல்ட் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தான். பாதி ராட்டினம் வரிசையில் இருந்திருக்கிறது. மேலே போகிறவருக்குக் கீழே ஒருவர் வேண்டும். பெயர் சொல்லிக் கத்த, கேலி பண்ண, கை ஆட்ட. வரிசையில் நிற்பவர்கள் அந்த வேலையைச் செய்துகொண்டே தங்கள் முறைக்குக் காத்திருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு மூன்று ரூபாய் கொடுத்துத் தனியாக ஏற யாருக்கு மனசு வரும்? சீக்கிரம் ஏறலாம், ஆனால் யாரும் பார்க்காமல் ஏறவேண்டும். இல்லாவிட்டால் எல்லோரும் முறைத்துப் பார்க்க ஏறவேண்டும். ராஜாமணிக்கு நேற்று ஒன்று நடந்தது, தனத்துக்கு அன்று இன்னொன்று.

அன்று சாயங்காலமே ஸ்பெஷல் பலகையைக் கழற்றி மணல் மூட்டைகளின் மேல் கவிழ்த்துப் போட்டான். முதலாளி ஏன் என்று கேட்டதற்கு, வியாபாரமே ஆகாத வழி எதற்கு என்றான். ஆள் ஏற்றுகிற முறையையும் மாற்றினான்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை ராஜாமணி மறுபடி வந்தாள். புது முறையைப் பற்றிப் பக்கத்து வீட்டார் சொல்லியிருந்தார்கள். இந்தத் தடவை வீட்டில் ஒருவரையும் விடவில்லை. பாதிப் பேர் ஏறும்போது கீழே நிற்க ஆள் வேண்டும் என்று தனத்தையும் இழுத்து வந்திருந்தாள். தேவநாதன் தங்கையைப் பார்த்தான், கூப்பிடவில்லை. ஒரு மணி நேரம் அவள் வரிசையில் நின்றாள். அவன் லிவரை விட்டு அசையவில்லை.

முதல் சுற்றில் ராஜாமணியும் சீனுவாசனும் ஏறினார்கள். பெட்டி உச்சிக்குப் போனதும் ராஜாமணிக்குப் பயம் வந்துவிட்டது. கீழே வேலியோரம் நின்ற முகங்களில் எது கண்ணில் பட்டதோ அதைப் பார்த்துக் கத்தினாள்.

"தனம்! ஏ தனம்! இங்க பாரு! நான் இங்க கீறேன்!"

தனம் குழந்தையின் கையைத் தூக்கி ஆட்டினாள். மூன்று வருஷத்தில் ராஜாமணியின் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்து தேவநாதன் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த சுற்று கிருஷ்ணவேணிக்கும் தனத்துக்கும். கிருஷ்ணவேணி பக்கத்து வீட்டுப் பெண்களோடு ஏறிக்கொண்டு, "வாங்க அண்ணி" என்று இடம் விட்டாள்.

"கொழந்த தூங்கிட்டா" என்றாள் தனம்.

குழந்தை விழித்துக்கொண்டுதான் இருந்தது. ராஜாமணி கையை நீட்டினாள். தனம் கொடுக்கவில்லை. தேவநாதன் சொல்லி அவள் ஏறுகிற நாள் விழுப்புரத்திலேயே போய்விட்டது. அவளுக்கென்று விட்ட இடத்தில் ஒரு மணல் மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டு லிவரை இழுத்தான்.

அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் அந்த ராட்டினத்தில் ஒரே முறைதான். ஸ்பெஷல் வழி கிடையாது. கூட்டமாக வருகிற வீட்டாரை ஒரே சுற்றில் ஏற்றக்கூடாது. பாதிப் பேரை ஏற்றி, மீதிப் பேரை அவர்கள் கண்ணில் படும்படி வேலியோரம் நிறுத்தவேண்டும். அடுத்த சுற்றில் மேலே போனவர்கள் கீழே, கீழே நின்றவர்கள் மேலே.